எழுதுவதை நிறுத்தலாமா என்று கேட்ட தங்கச்சிக்கு

கேள்வி இதுதான். மட்டக்களப்பில் ஆரையம்பதிப் பக்கம் இருக்கிற ஒரு தங்கச்சி கேட்கிறார். மூத்தவனுக்கு மூன்றரை வயது, இளையவளுக்கு ஏழு மாதம், கணவருக்குக் கத்தாரில் வேலை. கலியாணத்துக்கு முன்னாலிருந்தே ஒரு வலைப்பதிவு எழுதி வந்திருக்கிறார். முதலில் மட்டக்களப்புச் சமையலும் வீட்டுக் கதையும், பிறகு பிள்ளை வளர்ப்பு. கிழமைக்கு இரண்டு என்று வந்த பதிவு இப்போது மாதத்துக்கு ஒன்றுகூட இல்லை. "எழுத இருந்தா அழுகை வருது, எழுதாட்டி ஏதோ பிழை செய்த மாதிரி இருக்கு, வாசிக்கிற ஆக்கள் ஏன் காணல்ல என்று கேக்குறாங்க, பேசாம விட்டுடவா?" என்கிறார்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடலாம் தங்கச்சி. ஒரு வருடமோ இரண்டு வருடமோ, வேண்டுமென்றால் அதற்கு மேலும் விடலாம், அதற்கு யாரிடமும் அனுமதி வாங்கத் தேவையில்லை. ஆனால் அழுகை வந்த ஒரு இரவில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் போக வேண்டாம். இன்னொன்று, உங்கள் கேள்வியில் எழுத்தைப் பற்றிய பகுதியைவிட அந்த "அழுகை வருது" என்பதுதான் என் கண்ணில் முதலில் பட்டது. நான் இந்த மாவட்டத்தில் குடும்ப சுகாதார உத்தியோகத்தராக, ஊரில் சொல்வதுபோல் மிட்வைஃப் மிஸ்ஸாக, கனகாலம் வீடு வீடாகப் போனவள். எழுதுகிற பழக்கமும் எனக்கு உண்டு. ஆகவே இரண்டையும் சேர்த்துத்தான் பதில் சொல்லப் போகிறேன், கொஞ்சம் நீளும், பிள்ளை தூங்கும்போது துண்டு துண்டாக வாசியுங்கள்.

எழுத முடியவில்லை என்று ஒரு தாய் சொன்னால் அதற்குள் பல விசயம் இருக்கலாம். நேரம் இல்லாமல் இருக்கலாம், உடம்பில் சத்து இல்லாமல் இருக்கலாம், மனம் விழுந்துபோய் இருக்கலாம், அல்லது ஊர் என்ன சொல்லுமோ என்ற பயமாக இருக்கலாம். வெளியில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரித்தான் தெரியும். ஆனால் ஒன்றுக்குச் செய்ய வேண்டியது மற்றதற்கு உதவாது. சத்தில்லாதவளிடம் நேரத்தை ஒழுங்கு பண்ணு என்று சொல்லிப் பிரயோசனம் இல்லை, மனம் விழுந்தவளிடம் கொஞ்சம் ஓய்வெடு என்று சொல்லிவிட்டுப் போவது ஆபத்தாகவும் முடியலாம். அதனால் உங்களுடையது எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் முதல் வேலை.

நேரத்தை எடுப்போம். ஆறு மாதம் முடிந்ததும் சாப்பாடு தொடங்கியிருப்பீர்கள். 6 மாதத்திலிருந்து 8 மாதம் வரைக்கும் நாளைக்கு 2, 3 தரம் சாப்பாடு, இடையில் கேட்கும்போதெல்லாம் தாய்ப்பால். கிளினிக்கில் நாங்கள் இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவோம். அந்த அரைக் கோப்பைச் சோற்றுக்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது செய்கிறவளுக்குத்தான் தெரியும். சோற்றைக் குழைய அவிக்க வேண்டும், பருப்பு, ஒரு துண்டு பூசணி. வீட்டில் நல்ல மீன் இருந்தால் முள்ளுப் பார்த்துப் பிய்க்க வேண்டும். இல்லாவிட்டால் நெத்தலிக் கருவாட்டைத் தலையும் குடலும் கிள்ளி, கழுவி, வெயிலில் காய வைத்து, வறுத்து இடித்த தூள் கொஞ்சம். ஒரு வயது வரைக்கும் உப்பும் சீனியும் சேர்க்காமல் இருப்பது நல்லது என்பதால் பெரிய ஆக்களின் கறிச்சட்டியிலிருந்து அள்ளிப் போடவும் முடியாது. கரண்டியின் பின்பக்கத்தால் நசித்து, பிள்ளைக்கு விழுங்கவும் வேண்டும், கரண்டியில் நிற்கவும் வேண்டும் என்ற பதத்தில் கொண்டுவந்து, பிறகுதான் ஊட்டல். முதல் வாயைத் துப்புவாள், இரண்டாவதை விழுங்குவாள், மூன்றாவதைக் கையால் தட்டி உங்கள் சட்டையிலும் தன் தலைமயிரிலும் பூசிக்கொள்வாள், நாலாவது வாய்க்குத் தானே ஆவென்று காட்டுவாள். கழுவி, உடுப்பு மாற்றி, நிலத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் மூத்தவன் நேர்சரியால் வந்து நிற்பான். அவனுக்குப் பசி. அவன் அன்றைக்கு யாரோடோ சண்டை பிடித்த கதையை அந்த நேரமே சொல்ல வேண்டும், பிறகு என்றால் அழுவான். இதுவும் ஐப்பசி, கார்த்திகை மாரி மழை என்றால் கொடி முழுக்க ஈர நாப்பி தொங்கும், ஒன்றும் காயாது, வீட்டுக்குள்ளே கயிறு கட்டி ஃபேனைப் போட்டு வைத்திருப்பீர்கள்.

உண்மையைச் சொன்னால் உங்களுக்கு நேரமே இல்லை என்றில்லை. பத்து நிமிடம், கால் மணித்தியாலம் என்று அங்கங்கே கிடக்கிறது. ஒரு பதிவை உட்கார்ந்து எழுத வேண்டிய, யாரும் குறுக்கே வராத ஒன்றரை மணித்தியாலம்தான் இல்லை. எழுதுகிறவருக்குத் தொடங்கிய வசனத்தை எப்படி முடிக்கலாம் என்று மண்டைக்குள் ஏதோ ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், கறி கூட்டும்போதும் உடுப்பு மடிக்கும்போதும். இப்போது அந்த இடத்தில் சின்னவளின் இருமல் இருக்கிறது, அடுத்த நிறுவைக்கு எத்தனை நாள் என்பது இருக்கிறது, மூத்தவன் மத்தியானம் சாப்பிட்டானா என்பது இருக்கிறது. இது சோம்பல் இல்லை. உங்கள் கவனம் போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது.

இதில் இரண்டு வழியைத் தாய்மார் பிடிப்பார்கள், இரண்டும் வேண்டாம். ஒன்று, பிள்ளைகள் தூங்கிய பிறகு இரவு பத்தரைக்குப் பிறகு போனை எடுத்துக்கொண்டு எழுத இருப்பது. சின்னவள் எப்படியும் இரவில் பாலுக்கு எழும்புவாள், அப்படி இருக்கும்போது இருக்கிற நித்திரையையும் நீங்களே வெட்டிக்கொள்வது உடம்புக்குச் செய்கிற அநியாயம். மற்றது, மூத்தவனின் கையில் போனைக் கொடுத்துவிட்டு மடிக்கணினியில் எழுதுவது. 2 வயதிலிருந்து 4 வயது வரையான பிள்ளைக்கு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொன்னது, ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அறவே வேண்டாம் என்றது. ஒரு நாள் அவசரத்துக்குக் கொடுப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் எழுத்தின் நேரமே அவனுடைய போன் நேரம் என்று ஆகிவிட்டால், பிறகு அதைப் பிரிப்பது பெரும் பாடு.

உடம்பைப் பற்றி. பால் கொடுக்கிற தாய்க்கு நாளைக்குக் கிட்டத்தட்ட 500 கலோரி கூடத் தேவை, அதாவது ஒரு நேரச் சாப்பாடு மேலதிகமாக. நீங்கள் அதைச் சாப்பிடுகிறீர்களா, அல்லது மூத்தவன் மிச்சம் வைத்த பிட்டையும் ஆறிப்போன தேத்தண்ணியையும் குடித்துவிட்டு மத்தியானம் வரை ஓடுகிறீர்களா? கேட்கும்போதே பதில் எனக்குத் தெரியும். இரண்டு பிள்ளைப்பேறுக்குப் பிறகு இரத்தச்சோகை வருவது சாதாரணம். படி ஏறினால் நெஞ்சு படபடக்கும், கண்ணுக்குள் இருட்டும், தலைமயிர் கொட்டும், ஒரு பந்தி வாசிக்கவே கவனம் நிற்காது. பிள்ளை பிறந்த முதல் வருடத்துக்குள் சிலருக்குத் தைரொயிட் சுரப்பியும் குழம்பும், அதிலும் இதே களைப்பு, இதே மறதி, சில நேரம் இதே அழுகை. இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், இரண்டுக்கும் மருந்து இருக்கிறது. இதைப் பார்க்காமல் "எனக்கு எழுத்தே மறந்துபோச்சு" என்று முடிவெடுக்க வேண்டாம்.

இனி அந்த அழுகை. பிள்ளை பிறந்து மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் அளவில் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான தாய்மாருக்கு நடப்பதுதான், இரண்டு கிழமைக்குள் தானாகப் போய்விடும். ஏழாம் மாதத்தில் வருகிற அழுகை அது இல்லை. பிள்ளைப்பேற்றுக்குப் பின்னான மனச்சோர்வு முதல் வருடத்துக்குள் எந்த மாதத்திலும் தொடங்கலாம். உலக அளவில் பிள்ளை பெற்ற தாய்மாரில் 100 பேரில் ஏறக்குறைய 13 பேருக்கு இப்படியான மனநலப் பிரச்சினை வருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, எங்களைப் போன்ற வளர்முக நாடுகளில் அது 20 பேரை நெருங்குகிறது. அதாவது உங்கள் கிளினிக் வாங்கில் உங்களோடு இருக்கிற ஐந்து தாய்மாரில் ஒருத்திக்கு அது இருக்கலாம், அவளும் சிரித்துக்கொண்டுதான் இருப்பாள்.

களைப்புக்கும் மனச்சோர்வுக்கும் வித்தியாசம் பார்க்க நான் தாய்மாரிடம் கேட்கிறது இதுதான்: அம்மா வந்து பிள்ளையை இரண்டு மணித்தியாலம் தூக்கிக்கொண்டு போனால் உங்களுக்கு நித்திரை வருமா? வெறும் களைப்பு என்றால் தலை வைத்த உடனே தூங்கிவிடுவீர்கள், எழும்பினால் கொஞ்சம் உசார் வரும். மனச்சோர்வு என்றால் பிள்ளை தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வராது, தூங்கி எழும்பினாலும் பாரம் குறையாது. முன்பு விருப்பமாக இருந்தது எதிலும் விருப்பம் இல்லை, நான் நல்ல தாய் இல்லை என்ற நினைப்பு திரும்பத் திரும்ப வருகிறது, பிள்ளையைத் தூக்கவே மனம் வரவில்லை, அல்லது பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று நெஞ்சு பதறிக்கொண்டே இருக்கிறது. இப்படி இரண்டு கிழமைக்கு மேல் நின்றால் அது நோய். காய்ச்சலை நோய் என்று ஏற்கிற மாதிரி இதையும் ஏற்க வேண்டும். எடின்பரோ அளவுகோல் என்று ஒரு பத்துக் கேள்வித் தாள் இருக்கிறது, 1987 இல் உருவானது, தமிழிலும் உண்டு. கடந்த 7 நாட்களில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்கும். உங்கள் பகுதி மிட்வைஃபிடம் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளை பிறந்த புதிதில் ஒரு தரம் பார்த்திருந்தாலும் திரும்பப் பார்க்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எம்.ஓ.எச். பணிமனையில், அதாவது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில், வைத்தியரிடம் சொல்லலாம், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவகத்தின் ஆட்களோடு கதைக்கலாம். பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன, ஆகவே பால் நின்றுவிடும் என்று பயந்து ஒளிக்க வேண்டாம். உங்களையோ பிள்ளையையோ ஏதும் செய்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு தரம் வந்தாலும், அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் வாய் திறந்து சொல்லி வைத்தியசாலைக்குப் போங்கள். அதற்கு நாள் பார்க்கக் கூடாது.

வீட்டில் இதைச் சொல்லும்போது என்ன பதில் வரும் என்பதும் எனக்குத் தெரியும். கண்ணூறு பட்டிருக்கு, நூல் கட்டுவோம் என்பார்கள். கட்டட்டும், அதோடு கிளினிக்குக்கும் போங்கள். அடுத்தது வரும் பேச்சு இன்னும் கனமானது: "நாங்க தொண்ணூறாம் ஆண்டு பிள்ளைகளையும் தூக்கிட்டு அகதியா ஓடினம், சுனாமிக்க தப்பி வந்து பள்ளிக்கூடத்தில கிடந்தம், உனக்கு ஃபேன் இருக்கு, கேஸ் இருக்கு, என்ன கஷ்டம்?" அம்மா சொல்வது பொய் இல்லை. 1990 போரையும் 2004 மார்கழிச் சுனாமியையும் கடந்து பிள்ளை வளர்த்த பெண்கள் இந்தக் கரையெல்லாம் இருக்கிறார்கள், அவர்களுக்கு முன்னால் நாங்கள் தலை குனியத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பெண்களின் வீடுகளுக்கும் நான் போயிருக்கிறேன். அவர்களிலும் எத்தனையோ பேர் வருடக்கணக்காக நித்திரை இல்லாமல், யாரிடமும் சொல்லாமல், தலையிடி என்று பனடோல் வாங்கப் போனவர்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, அதனால் அவர்களும் சொல்லவில்லை. அம்மா பட்ட பாட்டை நீங்களும் படவேண்டும் என்று ஒரு கடன் இல்லை. இதை அவவிடம் வாதாடிச் சொல்ல வேண்டாம், "அந்த நேரம் நீங்க எப்பிடி அம்மா இருந்தீங்க?" என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள். கதை வேறு பக்கம் போகும்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குக் கை கொடுக்கிற மாதிரித்தான் அமைந்திருக்கிறது. தமிழ் வீடானாலும் முஸ்லிம் வீடானாலும் இந்தக் கரையில் கலியாணம் முடித்தால் பெரும்பாலும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். சீதன வீட்டில் மகள், அதே வளவிலோ அடுத்த வளவிலோ தாய், அக்கா தங்கச்சிமார், சின்னம்மா, பெரியம்மா. இது பிள்ளை பெற்றவளுக்கு எவ்வளவு பெரிய பலம் என்பது கொழும்பில் வாடகை வீட்டில் தனியாக இரண்டு பிள்ளையை வைத்திருப்பவளோடு கதைத்தால் விளங்கும். ஆனால் ஒரு குறை இருக்கிறது. எங்கள் உதவி எல்லாம் முதல் மாதத்தில் வந்து குவிகிறது. மல்லி, மிளகு, சீரகம், வேர்க்கொம்பு, மஞ்சள், உள்ளி என்று சரக்கு அரைத்துக் கறி வைப்பார்கள், பால்சுறா வறை வரும், தாயைக் கட்டிலை விட்டு இறங்க விடமாட்டார்கள். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்த கையோடு ஒவ்வொருவரும் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பிள்ளை சும்மா கிடந்து தூங்குகிற அந்த முதல் மாதத்தில் அத்தனை பேர், பிள்ளை உருண்டு புரண்டு, தவழ்ந்து, கண்டதையெல்லாம் வாயில் வைக்கிற ஏழாம் மாதத்தில் ஒருவரும் இல்லை. தாய்க்குக் கை தேவைப்படுவது இப்போதுதான்.

அதனால் கேளுங்கள், நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள். "கொஞ்சம் உதவி செய்யுங்க" என்றால் எல்லாரும் சரி என்பார்கள், ஒன்றும் நடக்காது. "அம்மா, செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் மூன்றிலிருந்து நாலரை வரைக்கும் சின்னவளை வைச்சிருங்க" என்றால் நடக்கும். அப்பாவால் மூத்தவனை நேர்சரிக்குக் கொண்டுபோய் விடலாம். தம்பி இருந்தால் சந்தையில் மீன் வாங்கி, அங்கேயே வெட்டுவித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். கிடைக்கிற முதல் ஒன்றரை மணித்தியாலத்தில் எழுத வேண்டாம், தூங்குங்கள். மூன்று, நாலு கிழமை அப்படித் தூங்கிய பிறகும் எழுத ஆசை வந்தால் அப்போது எழுதுங்கள், வராவிட்டாலும் பரவாயில்லை.

கணவரைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள், ஆனால் இதில் அவருக்குப் பெரிய பங்கு இருக்கிறது. கத்தாரில் நேரம் எங்களைவிட இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. அவர் வேலை முடிந்து, சமைத்துச் சாப்பிட்டு, இரவு ஒன்பதுக்கு வீடியோ கோல் எடுத்தால் இங்கே பதினொன்றரை. அவருக்கு அது நாளின் நல்ல நேரம், பிள்ளையைக் காட்டு என்று கேட்பார், பாவம், அவரும் தனிமையில் இருப்பவர். ஆனால் உங்களுக்கு அது நித்திரையின் முதல் துண்டு, அதை உடைத்தால் அந்த இரவே போய்விடும். இதை மனத்துக்குள் வைத்துக்கொண்டு பிறகு ஒரு நாள் வெடிக்காமல் கணக்கோடு சொல்லுங்கள். அங்கே வெள்ளிக்கிழமை விடுமுறை என்றால் அவர் காலையில் எடுக்கட்டும், மூத்தவனுக்கு அரை மணித்தியாலம் கதை சொல்லட்டும், ஒரு புத்தகத்தைக் காட்டி வாசிக்கட்டும். அம்மம்மா பக்கத்தில் இருக்க, நீங்கள் எழும்பிப் போய்க் குளிக்கலாம். தகப்பன் கடல் கடந்து இருந்தாலும் பிள்ளை பார்க்கலாம், யாரும் அவரிடம் அப்படிக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

அவர் லீவில் வருகிறார் என்றால் மிட்வைஃபாக ஒரு விசயம் சொல்லாமல் விடமாட்டேன். பால் கொடுக்கிறதால் கரு தங்காது என்ற நம்பிக்கை முதல் ஆறு மாதத்துக்கு மட்டும், அதுவும் பிள்ளைக்குப் பாலைத் தவிர வேறொன்றும் கொடுக்காமல், மாதவிடாயும் திரும்பி வராமல் இருந்தால்தான் சரி. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். அடுத்த கருவுக்கு இரண்டு வருடமாவது இடைவெளி இருப்பது தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது. அவர் வருவதற்கு முன்னாலேயே கிளினிக்கில் கதைத்து ஒரு முறையைத் தெரிந்தெடுங்கள்.

சரி, ஊர்க்கண். இது உங்கள் கேள்வியில் நீங்கள் சொல்லாத காரணம், ஆனால் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆரையம்பதியில் ஒருவர் எழுதினால் காத்தான்குடி, கல்லடி, களுவாஞ்சிகுடி வரைக்கும் யார் என்று தெரியும். மாமி வாசிப்பா, மச்சாள் வாசிப்பா, நேர்சரி ரீச்சர் வாசிப்பா. பிள்ளை சாப்பிட மாட்டான் என்று எழுதினால் அடுத்த நாள் கோயிலடியில் நாலு பேர் புத்தி சொல்வார்கள். களைப்பாக இருக்கு என்று எழுதினால் புருசன் வெளிநாட்டில் உழைக்கிறார், இவவுக்கு எழுத நேரம் இருக்கு என்று கதை வரும். இந்தக் கதைக்காக எழுத்தை விடாதீர்கள், நீங்கள் எழுதின புளியாணச் சமையல் குறிப்பைப் பார்த்து வெளிநாட்டில் சமைக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஆனால் பிள்ளைகளைப் பற்றி எழுதியதை ஒரு தரம் திரும்பப் பார்க்கத்தான் வேண்டும். மூத்தவன் இன்னும் சில வருடத்தில் எழுத்துக் கூட்டி வாசிப்பான், அவனுடைய வகுப்பில் இருப்பவர்களும் வாசிப்பார்கள். படுக்கையை நனைத்த கதை, குளிக்கிற படம், நேர்சரிச் சட்டையோடு நிற்கிற படம், இவற்றை எடுத்துவிடுங்கள். அதற்காகப் பதிவையே அழிக்கத் தேவையில்லை, கூகிளின் வலைப்பதிவுத் தளமான பிளாக்கரில் அந்தப் பதிவை மட்டும் வரைவாக மாற்றிவிட்டால் உங்களைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது.

விலகுவது என்று தீர்மானித்தால் அதை ஒழுங்காகச் செய்யலாம், ஒரு பின்னேரம் போதும். வாசகர்களுக்கு நாலு வரியில் ஒரு குறிப்பு எழுதுங்கள்: பிள்ளைகள் சின்னவர்கள், கொஞ்சக் காலம் எழுத மாட்டேன், பழையவை இங்கேயே இருக்கும். எப்போது வருவேன் என்று நாள் குறிக்க வேண்டாம், குறித்தால் அந்த நாளும் ஒரு கடனாகத் தலையில் நிற்கும். மன்னிப்பும் கேட்க வேண்டாம். பின்னூட்டங்கள் உங்கள் அனுமதி இல்லாமல் வெளியாகாதபடி மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் விளம்பரக் குப்பை வந்து நிறைந்துவிடும்.

அப்புறம் கணக்கைப் பாதுகாப்பது. 2 வருடம் யாரும் பாவிக்காத தனிநபர் கணக்குகளை அழிக்கலாம் என்று கூகிள் 2023 இல் விதி கொண்டுவந்தது. கணக்குப் போனால் அதோடு இருக்கிற வலைப்பதிவும் போகலாம். போனில் நீங்கள் தினமும் பாவிக்கிற அதே கணக்கு என்றால் பயமில்லை. ஆனால் பலர் கலியாணத்துக்கு முன் ஒரு மின்னஞ்சலில் வலைப்பதிவு தொடங்கி, இப்போது வேறு மின்னஞ்சல் பாவிக்கிறார்கள். பழைய கணக்கின் கடவுச்சொல் தெரியுமா, அதில் கொடுத்த தொலைபேசி இலக்கத்தின் சிம் இன்னும் உங்களிடம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். அமைப்புகளுக்குள் போனால் வலைப்பதிவை நகலெடுத்துத் தரவிறக்கும் வசதி இருக்கிறது, அதில் பதிவுகளின் எழுத்தும் பின்னூட்டமும் வரும், படங்களை வேறாக எடுத்து வைக்க வேண்டும். காசு கட்டிச் சொந்த முகவரி வாங்கியிருந்தால் அதைப் புதுப்பிக்காமல் விடுகிற நாளில் வேறு யாரும் வாங்கலாம், உங்கள் பெயரில் அவர்கள் கண்டதையும் போடலாம். தொடர்ந்து கட்ட விருப்பம் இல்லையென்றால் முதலிலேயே இலவச முகவரிக்குத் திரும்பிவிடுங்கள்.

எழுத்து முழுவதுமாக நின்றுவிட வேண்டும் என்றும் இல்லை. யாருக்கும் காட்டாத எழுத்து இருக்கிறது, இந்தக் காலத்துக்கு அதுதான் பொருத்தம். பிள்ளையின் கிளினிக் கொப்பியோடு ஒரு சின்னக் கொப்பி வைத்து, தோன்றுகிற நாளில் ஒரு வரி. இருந்த இடத்திலேயே திரும்பினாள். தம்பலகாமம் என்று சொல்லச் சொன்னால் மூத்தவன் தம்பகலாமம் என்கிறான். இவ்வளவு போதும். போனில் தமிழில் பேசினாலே எழுத்தாக வருகிற வசதி இருக்கிறது, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே சொல்லலாம், ஊர்ப் பேச்சைக் கொஞ்சம் பிழையாகப் பிடிக்கும், பிறகு திருத்தலாம். இன்னும் நல்லது அம்மம்மாவை ஒலிப்பதிவு செய்வது. ஏணையை ஆட்டிக்கொண்டு அவ பாடுகிறதில் அரைவாசி எந்தப் புத்தகத்திலும் இருக்காது. சரக்குக்கு எது எத்தனை பங்கு, எதை வறுப்பது, எதைப் பச்சையாக அரைப்பது, எத்தனையாம் நாள் எந்த மீன் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது, இதெல்லாம் அவவின் கையில்தான் இருக்கிறது. அவ சின்னவளைத் தூங்க வைக்கும்போது போனைப் பக்கத்தில் வைத்துவிட்டால் போதும். உங்களுக்கு எழுத வருகிற காலத்தில் அது முழுவதும் உங்கள் பொருள்.

அந்தக் காலம் எப்போது வரும் என்றால், நான் பார்த்த அளவில் இளைய பிள்ளை இரண்டு, இரண்டரை வயதில் தானாகச் சாப்பிட்டு, இரவில் விடாமல் தூங்கத் தொடங்கும்போது தாய்க்குத் தலை கொஞ்சம் தெளியும். நேர்சரி தொடங்கினால் காலையில் இரண்டு மூன்று மணித்தியாலம் வீடு வெறுமையாக இருக்கும். சிலர் அப்போது திரும்பி வருகிறார்கள், எழுத்தும் மாறி வருகிறது. சிலர் தையல், படிப்பு, வேலை என்று வேறு பக்கம் போகிறார்கள். இரண்டாவது வகையினரைப் பார்த்து எழுத்தை விட்டுவிட்டாள் என்று பரிதாபப்பட எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

இப்போதைக்கு உங்களுக்கு இரண்டு வேலை. இந்தக் கிழமைக்குள் அந்தப் பழைய கணக்கின் கடவுச்சொல்லைப் பாருங்கள். மற்றது, சின்னவளுக்கு 9 மாதம் முடிய எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா) தடுப்பூசிக்குப் போவீர்கள்தானே, அதுவரைக்கும் காத்திருக்காமல் இந்த மாத நிறுவைக்குப் போகும்போதே மிட்வைஃபைக் கொஞ்சம் தள்ளிக் கூப்பிட்டு, எழுத இருந்தா அழுகை வருது என்று எனக்கு எழுதிய அதே வசனத்தை அவவிடமும் சொல்லுங்கள். இரத்தம் சோதிக்க வேண்டும் என்றும் கேளுங்கள். கிளினிக்கில் கூட்டம் கூட, கதைக்க ஏலாது என்றால் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், வருவா, அது அவவின் வேலை.